இடக்கை முறுக்கு

"ஏம் புள்ள, உனக்கு வாய் இருக்கா, இல்லியா?"

முகைதீன் இப்படிக் கேட்டபோது அவன் முகம் வெளியே தெரியவில்லை. மரைக்காயரின் பெரிய அமெரிக்கக் காரில் முன்சீட்டுக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு தலையை டேஷ்போர்டுக்குள் விட்டிருந்தான். திறந்த கதவு வழியாக இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. சின்ன ஸ்பேனர் அங்கே கிடக்கிறதா, அப்பா சாப்பிடப் போய்விட்டாரா, மழை விட்டதா என்று அதற்கு முன் அவன் வரிசையாகக் கேட்டிருந்தான். சிவகாமி எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருந்தாள். டேஷ்போர்டுக்குள் தலையை விட்டிருப்பவனுக்குத் தலையாட்டல் எங்கே தெரியும்?

"இருக்கு" என்றாள் சிவகாமி.

"அப்ப நல்லதாப் போச்சு. இந்தா, இதை வாயில வச்சு உறிஞ்சு. விட்டுடாதே, நாக்கால அடைச்சுப் பிடி."

உள்ளிருந்து விரல் தடிமன்கூட இல்லாத ஒரு கறுப்பு ரப்பர் குழாயின் நுனி வந்தது. அவள் தாவணி முனையால் அதைத் துடைத்துவிட்டு வாயில் வைத்து உறிஞ்சினாள். தூசியும் பழைய ரப்பரும் நாக்கில் ஒட்டின. வண்டிக்குள்ளே எங்கேயோ ஒரு தகரக் கதவு 'டப்' என்று திரும்பியது. நாக்கை எடுத்தாள். 'டப்' என்று பழைய இடத்துக்கே போனது. அவள் மறுபடி உறிஞ்சினாள், மறுபடி விட்டாள். யாரும் சொல்லாமல் தானாகவே அதை நாலைந்து தடவை செய்தாள். உள்ளேயிருந்து முகைதீன் சிரிக்கும் சத்தம் கேட்டது.

அவள் பள்ளிக்கூடத்தை விட்டுச் சில மாதங்கள் ஆகியிருந்த நேரம் அது. முழுப்பெயர் சிவகாமசுந்தரி. ஆங்கிலப் பள்ளியில் செகண்டரி ஒன்று வரை போனவள். எழுத்தில் குறை சொல்ல முடியாது. வாசித்துக் காட்டச் சொன்னால் மட்டும் தொண்டை அடைத்துக்கொள்ளும். குரல் வரும்வரை நில் என்று டீச்சர் நாற்காலி மேல் ஏற்றி நிறுத்தினாள். குரல் வரவில்லை. மணி அடிக்கும்வரை கையிலிருந்த பென்சிலைக் கடித்துக்கொண்டே நின்றாள். அடுத்த நாள் காலையில் பள்ளிச் சட்டையை மாட்டிக்கொள்ளாமல் அம்மாவோடு பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனாள். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. பெண் பிள்ளைக்கு இவ்வளவு படித்தது போதும் என்று அப்பா மருதப்பன் சொன்னார். அவளுடைய பள்ளிப் பை கீழே பட்டறையில் ஓர் ஆணியில் தொங்கியது. தகரத்தில் கோடு போட வேண்டுமென்றால் அதிலிருந்து ஒரு பென்சிலை எடுத்துக்கொள்வார்கள்.

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் கீழே பட்டறையும் மேலே வீடுமாக இருந்தார்கள். அம்மா சரஸ்வதி கீழே வரமாட்டாள். எண்ணெய் நாற்றம் அவளுக்குத் தலைவலி. அப்பாவுக்கும் முகைதீனுக்கும் மேலிருந்து கோப்பியும் சோறும் கொண்டுவர சிவகாமிதான் இறங்கி வருவாள். வந்தவள் நின்றாள், நின்றவள் பார்த்தாள். பட்டறையில் யாரும் அவளை எதையும் வாசிக்கச் சொல்லவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அவளுக்கு அந்த இடம் பிடித்தது.

அந்த அமெரிக்கக் காரை மரைக்காயர் வாங்கியது ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி அதிகாரியிடமிருந்து. மரைக்காயர் மார்க்கெட் ஸ்திரீட்டில் மொத்த மளிகை வியாபாரம் செய்பவர். அவருடைய லாரிகளும் மருதப்பன் பட்டறைக்குத்தான் வரும். பட்டறையின் முக்கால்வாசி வேலை அவர் கொடுப்பதுதான். லாரியை டிரைவர்கள் கொண்டுவருவார்கள், காரை மட்டும் அவரே ஓட்டிவருவார். உள்ளே குளுகுளுவென்று காற்று வரும் கார். அந்தத் தேக்கா வட்டாரத்தில் அப்போது அப்படிப்பட்ட கார்கள் அதிகம் கிடையாது.

அந்தக் காரின் குளிருக்கு ஒரு விசித்திரம் உண்டு. குளிர்ப்பெட்டி தனி, ஹீட்டர் பெட்டி தனி என்று இரண்டு இருந்தாலும் காற்று போகும் வழி ஒன்றுதான். வழியில் சின்னச் சின்னத் தகரக் கதவுகள் இருக்கும். எந்தக் கதவு திறந்து எது மூடுகிறதோ அதைப் பொறுத்துக் காற்று முகத்துக்கு வரும், அல்லது காலுக்கு வரும், அல்லது முன்கண்ணாடிக்குப் போகும். கதவுகளைத் திருப்புவது மின்சாரமும் இல்லை, கம்பியும் இல்லை, வெறும் உறிஞ்சல்தான். எஞ்சின் ஓடும்போது காற்றை உறிஞ்சும் அல்லவா, அந்த உறிஞ்சலை மெல்லிய ரப்பர்க் குழாய்களில் பிரித்து ஒவ்வொரு கதவுக்கும் கொண்டுபோயிருப்பார்கள். குழாய் ஓட்டையானால் உறிஞ்சல் போய்விடும். உறிஞ்சல் போனால் எல்லாக் கதவும் சுருள்வில்லின் இழுப்புக்குத் திரும்பி, காற்று முழுக்க முன்கண்ணாடிக்குப் போய்விடும். பனி பெய்யும் ஊரில் கண்ணாடிதான் முக்கியம் என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். இதெல்லாம் வண்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தில் படத்தோடு இருந்தது. மருதப்பனுக்கும் முகைதீனுக்கும் படம் மட்டும் புரியும். கீழே இருந்த எழுத்தைச் சிவகாமி வாய்க்குள்ளேயே வாசித்து, எந்தக் குழாய் எங்கே போகிறது என்று விரலால் காட்டுவாள்.

பட்டறையில் எல்லோரும் சிரிக்கும் விஷயம் ஒன்று இருந்தது. மருதப்பன் இடக்கைக்காரர். குழாயைக் கட்டும் செம்புக்கம்பியை மற்றவர்கள் முறுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக முறுக்குவார். தெரியாதவன் அவிழ்க்கப் போனால் கம்பி இன்னும் இறுகும். "அண்ணன் கட்டுனதை அவிழ்க்கணும்னா முகம் பாக்கிற கண்ணாடியை வச்சுக்கிட்டுத்தான் அவிழ்க்கணும் லா" என்பான் முகைதீன். மருதப்பனும் சேர்ந்து சிரிப்பார். அப்போதெல்லாம் அவர்கள் ஒரே தட்டிலிருந்து பலகாரம் எடுத்துத் தின்பவர்களாக இருந்தார்கள்.

ஹீட்டரில் ஒழுகல் வந்தது நோன்புப் பெருநாள் சமயத்தில். முகைதீன் கேலாங் பக்கம் பலகையும் தகரமுமான கம்பத்து வீட்டில் மனைவி ஜரீனாவோடும் கைக்குழந்தையோடும் பெருநாள் கொண்டாடிக்கொண்டிருந்தான். மரைக்காயரின் கால்மாட்டில் வெந்நீர் சொட்டி வேட்டியை நனைத்தது. மருதப்பன் தனியாகவே வேலையை எடுத்தார். சிங்கப்பூரில் எவனுக்கு ஹீட்டர் வேண்டும்? தீவு முழுக்க எந்தப் பட்டறைக்காரனும் செய்வதைத்தான் அவரும் செய்தார். வெந்நீர்க் குழாய் இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்து ஹீட்டரை ஓரங்கட்டிவிட்டார். வேட்டி நனைவது நின்றது. மரைக்காயருக்குச் சந்தோஷம்.

அதற்குப் பிறகு பல மாதம் கழித்து, முகைதீன் அந்தக் காரில் ரேடியோ மாட்டினான். டேஷ்போர்டைக் கழற்றி, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, வயரை ஓட்டி, அழகாக மாட்டிக் கொடுத்தான். மரைக்காயர் பாட்டுக் கேட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

சில வாரங்களில் நாகப்பட்டினத்திலிருந்து அவருடைய சம்பந்தி கப்பலில் வந்து இறங்கினார். அவரைத் துறைமுகத்திலிருந்து அழைத்து வரும்போது, வழியில் குளிர்க்காற்று முகத்துக்கு வருவது நின்றுபோனது. சம்பந்தி விசிறிக்கொண்டார். முன்கண்ணாடி பால் ஊற்றியதுபோல் வெளுத்தது. மரைக்காயர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்தார், போகவே இல்லை. குளிர் முழுக்கக் கண்ணாடிக்குப் போனதால் பனி படிந்தது வெளிப்பக்கத்தில். அவர் துடைத்ததோ உள்பக்கத்தில். வைப்பரைப் போட்டிருந்தால் ஒரு இழுப்பில் போயிருக்கும். மழை இல்லாதபோது வைப்பர் போட யாருக்குத் தோன்றும்? சிராங்கூன் ரோட்டு முனையில் ஆள் மிதித்து ஓட்டும் ஒரு டிரைஷாவை இடித்து நின்றது வண்டி. டிரைஷாக்காரனுக்கு முழங்கையில் சிராய்ப்புதான். ஆனால் கூட்டம் கூடிவிட்டது. சம்பந்தி முன்னால் மரைக்காயர் தலைகுனிந்து நிற்க வேண்டியதாயிற்று.

அந்தக் கோபத்தோடு நேரே பட்டறைக்கு வந்தார். கடைசியாக வண்டிக்குள் கை வைத்தது யார் என்று கேட்டார். மருதப்பன் முகைதீனைப் பார்த்தார். ரேடியோ மாட்டும்போது ஏதோ குழாயைக் குத்திவிட்டான், அதை மறைத்து வண்டியைக் கொடுத்துவிட்டான் என்று அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. தான் எந்தக் குழாயையும் தொடவில்லை என்று முகைதீன் சொன்னான். திரும்பத் திரும்பச் சொன்னான். கெஞ்சாமல் சொன்னதுதான் தப்பாகிவிட்டது. இவனை வைத்திருந்தால் இனி லாரி வராது என்று மரைக்காயர் சொன்னார். அன்று சாயங்காலமே முகைதீன் வெளியேற்றப்பட்டான். ஸ்பேனர்கள் செருகிய அவனுடைய துணிச் சுருளைக்கூட மருதப்பன் கொடுக்கவில்லை, வண்டி சரியாகட்டும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்.

வேலை போனதைவிடப் பெயர் போனதுதான் பெரிது. தேக்காவிலும் லவெண்டர் பக்கத்திலும் பட்டறைக்காரர்கள் எல்லோரும் ஒரே கோப்பிக்கடைகளில் உட்காருகிறவர்கள். குழாயைக் குத்திவிட்டு மறைத்தவன் என்று ஒருவனைப் பற்றிச் சொல்லிவிட்டால் அவன் கையில் யார் வண்டியைக் கொடுப்பார்கள்? ஒருநாள் ஜரீனா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, பட்டறைக்கு முன்னால் கூரைக்குக் கீழே ஓடும் ஐந்தடி நடைபாதையில் நின்றாள். உள்ளே வரவில்லை. புதிதாக ஓரிடத்தில் வேலை கேட்டிருப்பதாகவும், அவர்கள் மருதப்பனிடம் விசாரிப்பார்கள், ஒரு நல்ல வார்த்தை சொன்னால் போதும் என்றும் கேட்டாள். மருதப்பன் மண்ணெண்ணெயில் கையைக் கழுவிக்கொண்டே, "நான் பொய் சொல்ல மாட்டேம்மா" என்றார். மாடிப்படியில் கோப்பித் தட்டோடு நின்ற சிவகாமி அதைக் கேட்டாள். ஜரீனா அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஏதாவது சொல்வாளா என்று பார்ப்பதுபோல் இருந்தது. சிவகாமி கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

மரைக்காயரின் வண்டி பட்டறையிலேயே நின்றது. மருதப்பன் ரேடியோவைக் கழற்றினார். டேஷ்போர்டுக்குள் கைக்கு எட்டிய குழாயையெல்லாம் மாற்றினார். எஞ்சினை ஓட்டிப் பொத்தானை அழுத்தினால் காற்று மறுபடியும் கண்ணாடிக்கே போனது. ரேடியோ வேலையில்தான் கோளாறு என்று அவர் நம்பினார். அதனால் ரேடியோவைச் சுற்றியே தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு மத்தியானம் சலித்துப்போய், "அம்மா, உன் கை சின்னக் கைதானே, அந்தப் பின்பக்கம் விட்டுப் பாரு" என்று மகளைக் கூப்பிட்டார். சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

சிவகாமி ரேடியோ பக்கம் போகவே இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, உறிஞ்சல் எங்கே புறப்படுகிறதோ அங்கே தொடங்கினாள். முதலில் ஒரு குழாய், அது ஒரு தகர டப்பாவுக்குப் போகிறது, டப்பாவிலிருந்து கிளை பிரிகிறது. ஒவ்வொரு கிளையையும் இரண்டு விரலால் நசுக்கி நசுக்கிப் பார்த்தாள். ஓட்டை இருக்கும் கிளையை நசுக்கினால் மற்றக் கிளைகளுக்கு உயிர் வந்துவிடும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒன்றை நசுக்கினாள், ஒன்றும் நடக்கவில்லை. அடுத்ததிலும் இல்லை. அதற்கடுத்ததை நசுக்கியதும் வண்டிக்குள்ளே 'டப்' என்று கதவு திரும்பியது. விட்டாள். 'டப்' என்று போய்விட்டது.

அந்தக் கிளை, காற்று ஊதும் பெட்டிக்குப் பின்னால், எஞ்சின் சுவரை ஒட்டி இறங்கியது. பெட்டியைக் கழற்றினாலொழிய ஆம்பிளைக் கை அங்கே போகாது. அவள் வளையலைக் கழற்றி வைத்துவிட்டு முழங்கைவரை விட்டாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரல்தான் பார்த்தது. குழாய் ஓரிடத்தில் முடிந்தது. டேப் சுற்றியிருந்தது, சூட்டில் பிசுபிசுத்துக் கிழிந்திருந்தது. டேப்புக்குக் கீழே கம்பி. கம்பியைத் தாண்டி மரம். ஆறு பட்டை. பட்டைகளில் பள்ளம் பள்ளமாக ஏதோ.

எஞ்சினை நிறுத்தி, குழாய் நுனியோடு வெட்டி வெளியே எடுத்துப் பார்ப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சிவப்புச் சாயம் போன பென்சில் துண்டு. முழுக்கப் பல் பதிந்த தடம். நாற்காலி மேல் நின்ற அன்று கடித்தது அது. ஹீட்டருக்கு வேலை இல்லை என்று ஆனபின், அதன் வெந்நீரைத் திறந்து மூடப் போகும் உறிஞ்சு குழாயை அடைக்க ஏதாவது வேண்டும். கையை நீட்டினால் ஆணியில் பள்ளிப் பை. அடைத்தபோது நன்றாகத்தான் இருந்திருக்கும். பல மாதம் எஞ்சின் சூட்டில் காய்ந்து மரம் சுருங்கி, நீளவாக்கில் வெடித்துவிட்டது. வெடிப்பு வழியாகக் காற்று போகிறது. இதற்கும் ரேடியோவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

செம்புக்கம்பி இடப்பக்கமாக முறுக்கியிருந்தது.

அப்பாவை எழுப்பி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். மருதப்பன் துண்டை விலக்கிப் பார்த்தார். தூக்கம் கலையாத முகம் சட்டென்று விழித்துக்கொண்டது. அந்த வேலையை எப்போது செய்தோம், எப்படி உட்கார்ந்து செய்தோம் என்பதெல்லாம் அவருக்கு நினைவு வந்ததை அவள் பார்த்தாள். மனிதன் மறப்பது சகஜம்தான். சிரித்துவிட்டு, ஐயையோ நான்தான் என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தாள்.

"தூக்கிப் போடு" என்றார் மருதப்பன். "நல்ல ரப்பர் மூடி ஒண்ணு மாட்டிடு." கை கழுவிக்கொண்டு மாடிக்குச் சாப்பிடப் போனார்.

அவள் ரப்பர் மூடியை மாட்டினாள். எஞ்சினை ஓட்டிப் பொத்தானை அழுத்தினாள். கதவு திரும்பியது. குளிர்க்காற்று வியர்த்த முகத்தில் வந்து அடித்தது. பென்சிலைத் தூக்கிப் போடவில்லை. கம்பியை அவிழ்க்காமல் அப்படியே இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அப்பா மரைக்காயருக்கு டெலிபோன் செய்தார். ரேடியோக்காரன் செய்த கோளாறு சரியாகிவிட்டது, நாளை சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னது படிவரை கேட்டது. அன்று பாசாருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் வேறு பக்கம் திரும்பினாள். ஆண்கள் மட்டும் உட்காரும் கோப்பிக்கடை வாசலில் போய் நின்றாள். அவள் பிறந்ததிலிருந்து அப்படி ஓர் இடத்தில் நின்றதில்லை. முகைதீன் ஓரத்து மேசையில் இருந்தான். யாராவது அரைநாள் வேலைக்குக் கூப்பிடுவார்களா என்று காத்திருக்கும் ஆட்கள் உட்காரும் மேசை அது.

"என்ன முகைதீன், இன்னொரு வண்டியைக் கெடுக்க உன்னைக் கூப்பிட மருதப்பன் ஆள் அனுப்பியிருக்காரு லா" என்று ஒருவன் சொன்னான். மேசை சிரித்தது. முகைதீனும் சிரித்துவைத்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

வாசலுக்கு வந்தவனிடம் அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கிடைச்சிருச்சுண்ணே. நீங்க இல்ல. நாளைக்குச் சாயங்காலம் மரைக்காயர் வர்றாரு. நீங்களும் வாங்க. நான் சொல்றேன்."

"நீயா? நீ சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

அவன் மேசைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு, "என் பேரு மட்டும் திரும்பி வந்தாப் போதும் புள்ள" என்றான். "வேற ஒண்ணும் வேணாம். ஜரீனா வெளிய தலை காட்ட மாட்டேங்கிறா."

இரவு முழுக்க அவள் சொல்லவேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அப்பாவுக்குத் தலைகுனிவாக இருக்கும்தான். ஆனால் மறதிக்கு யார் என்ன செய்வார்கள்? மரைக்காயர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். முகைதீன் அண்ணனுக்கு வாழ்க்கை திரும்பி வந்துவிடும். இப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள்.

மறுநாள் வெயில் தாழ்ந்தபின் மரைக்காயர் வந்தார். காரில் உட்கார்ந்து பொத்தானை அழுத்திப் பார்த்தார். காற்று முகத்துக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். மருதப்பன் ஜன்னலோரம் குனிந்து, ரேடியோ வயருக்குப் பின்னால் இருந்த ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தான் பட்ட பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தார். முகைதீன் அப்போதுதான் ஐந்தடி நடைபாதையிலிருந்து உள்ளே காலெடுத்து வைத்தான். தலையில் தொப்பி, துவைத்த சட்டை. மரைக்காயர் முகம் கடுத்தது. இவன் எதற்கு வந்தான் என்று கேட்டார். மருதப்பனுக்கும் தெரியவில்லை.

"நான்தான் வரச் சொன்னேன்" என்று மாடிப்படியிலிருந்து குரல் வந்தது.

எல்லோரும் திரும்பினார்கள். சிவகாமி ஒரு படி இறங்கினாள். நாற்காலி மேல் நிற்பதுபோலவே இருந்தது. இடுப்பிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினாள்.

"ஓட்டை ரேடியோகிட்ட இல்ல. ஹீட்டர் குழாய்ல. இதைச் சொருகி அடைச்சிருந்துச்சு. காஞ்சு வெடிச்சிருச்சு. ரேடியோ மாட்டுனதுக்கு ரொம்ப முன்னாடியே போட்டது இது. முகைதீன் அண்ணன் அப்ப பெருநாள் லீவுல இருந்தாரு."

அவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். வெளியார் முன்னால் அவள் அதுவரை பேசியதையெல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு வராது. மரைக்காயர் காரிலிருந்து இறங்கி வந்து பென்சிலைப் பார்த்தார். மருதப்பனைப் பார்த்தார்.

"இது யாரு வேலை, மருதப்பா?"

மருதப்பன் பதறவில்லை. மகள் கையிலிருந்து பென்சிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"இது யாரு பென்சில்?" என்று மகளைக் கேட்டார்.

"என்னோடது."

"இந்தப் பல்லு?"

"என்னோடது, ஆனா..."

"நீங்களே கேட்டுக்கிட்டீங்க" என்று அவர் மரைக்காயரிடம் திரும்பினார். "பள்ளிக்கூடத்தை விட்டதுலேர்ந்து இதுக்கு வேலை இல்ல. கீழ வந்து வண்டிக்குள்ள கையை விட்டுக்கிட்டே இருக்கும். சின்னக் கை, எங்க வேணா போகும். விளையாட்டா சொருகியிருக்கு. இப்ப அதுவே எடுத்துக் கொண்டாந்து குடுக்குது பாருங்க. நான்தான் சரியாக் கவனிக்காம இந்தப் பயலைப் பேசிட்டேன்."

மரைக்காயர் சிரித்தார். நல்ல மனசோடுதான் சிரித்தார். குழந்தை செய்த குறும்புக்காக ஒரு குடும்பஸ்தனைக் கஷ்டப்படுத்திவிட்டோமே என்று முகைதீனிடம் வருத்தப்பட்டார். தன் வாயாலேயே நாலு இடத்தில் சொல்லிவிடுவதாகச் சொன்னார். பிறகு மருதப்பனிடம், வயசுப் பெண்ணைப் பட்டறைக்குள் விடுவது நல்லதல்ல, ஆபத்தும்கூட என்று அக்கறையாக எடுத்துச் சொன்னார்.

"இனிமே கீழ இறங்காது" என்றார் மருதப்பன், பென்சிலை மேசையில் போட்டுவிட்டு.

குளிர்க்காற்றோடு கார் வெளியே போனது. பட்டறையில் மூன்று பேர் நின்றார்கள். சிவகாமி முகைதீனைப் பார்த்தாள். குரல் ஒரு நூலளவுதான் மிச்சம் இருந்தது.

"கம்பியைப் பாருங்கண்ணே."

முகைதீன் மேசையிலிருந்து பென்சிலை எடுத்தான். கண்ணருகே கொண்டுபோனான். கட்டை விரல் கம்பி முறுக்கின் மேல் போனது. ஒரு தடவை வழக்கமான பக்கத்துக்குத் திருப்பப் பார்த்தது. கம்பி இறுகியது. விரல் நின்றது. அந்த முறுக்கை எத்தனையோ வண்டியில் திட்டிக்கொண்டே அவிழ்த்த விரல்.

"நாளைக்குக் காலையில வந்துடு லா" என்றார் மருதப்பன். அவனைப் பார்க்காமல் சுவரில் இருந்த அவனுடைய ஸ்பேனர் சுருளை எடுத்து மேசையில் வைத்தார். "ஏதோ கோவத்துல சொல்லிட்டேன். மரைக்காயர் ரெண்டு லாரி அனுப்புறாரு. எனக்குத் தனியா முடியாது."

முகைதீன் முறுக்கை எதிர்ப்பக்கமாகத் திருப்பினான். தெரிந்த கை என்பதால் சுலபமாக அவிழ்ந்தது. கம்பியை மேசை விளிம்பில் வைத்து நகத்தால் அழுத்தி இழுத்தான். திருப்பிப் போட்டு மறுபடி இழுத்தான். கோணல் எல்லாம் போய் அது நேரான வெறும் செம்புக்கம்பி ஆகும்வரை இழுத்தான். இனி அதை யார் கை முறுக்கியது என்று யாரும் சொல்ல முடியாது. பிறகு அதைப் பென்சிலுக்குப் பக்கத்தில் வைத்தான்.

ஸ்பேனர் சுருளை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டான். தொப்பியைச் சரிசெய்துகொண்டான். மாடிப்படியின் கீழ்ப்படியில் நின்றவளைக் கடந்து, ஐந்தடி நடைபாதையில் இறங்கிப் போய்விட்டான்.